பிள்ளையின் அருகில் இருந்து படிக்க வேண்டிய பட்டப்பின் படிப்பு

பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடித்த ஆசிரியர்கள் இன்று வன்னியின் உட்கிராமப் பாடசாலைகளிலும் இருக்கிறார்கள். கல்வி முதுமாணி பெற்றவர்களும் அங்கங்கே இருக்கிறார்கள். ஆயினும் தரம் 4 இலோ தரம் 5 இலோ ஒரு பந்தியைக்கூட வாசித்து முடிக்க இயலாத பிள்ளையை முன்னால் இருத்தி, வாசிப்பு எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று பரிசோதித்து, இனி எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை வகுப்பாசிரியருக்குத் தெளிவாகச் சொல்லக்கூடிய ஒருவரைத் தேடினால் கிடைப்பது அரிது. ஆசிரியர்களிடம் அக்கறை குறைந்துவிட்டதால் வந்த நிலை இதுவென்று நான் கருதவில்லை. அந்த வேலையைக் கையில் பிடித்துக் கற்றுத்தருகிற ஒரு படிப்பு, எங்கள் மொழியில், எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கவில்லை என்பதே உண்மையான காரணம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் ஆரம்பப் பிரிவுகளில் நீண்ட காலம் கற்பித்தவள் என்ற முறையிலும், இப்போது மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி ஆலோசனை கேட்பதனாலும், இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். வாசிப்பு நிபுணராக ஓர் ஆசிரியரை உருவாக்கும் பட்டப்பின் படிப்பு எப்படி இருக்க வேண்டும், அது வன்னியில் எந்த வடிவம் எடுக்க வேண்டும் என்பதே என் விடயம்.

அமெரிக்காவில் இந்தப் பணிக்கு நெடுநாளாகத் தனி இடம் உண்டு. 1956 இல் சர்வதேச வாசிப்புச் சங்கமாகத் தொடங்கி, 2015 இல் சர்வதேச எழுத்தறிவுச் சங்கம் என்று பெயர் மாறிய அமைப்பு, வாசிப்பு நிபுணர் ஒருவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கான நியமங்களைக் காலத்துக்குக் காலம் வெளியிட்டுவருகிறது. அதன் 2010 ஆம் ஆண்டு நியமங்களின்படி, வாசிப்பு நிபுணராக வருபவருக்கு வாசிப்பிலும் எழுத்திலும் சிறப்புக் கவனம் கொண்ட முதுமாணிப் பட்டம் வேண்டும். அதற்கென 21 முதல் 27 கிரெடிட் அளவிலான பாடங்களைப் படிக்க வேண்டும். அவற்றோடு, பொதுவாக 6 கிரெடிட்டுக்குச் சமமான மேற்பார்வையுடன் கூடிய செய்முறைப் பயிற்சி கட்டாயமாக இருக்க வேண்டும். 2017 ஆம் ஆண்டு நியமங்கள் பணிகளைப் பிரித்துக் காட்டுகின்றன. பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்யும் வாசிப்பு நிபுணர், வகுப்பாசிரியர்களோடு வேலை செய்யும் பயிற்றுநர், பாடசாலைகளின் வாசிப்புத் திட்டத்தை ஒருங்கிணைப்பவர் ஆகியோரின் கடமைகள் அங்கே தனித்தனியாகச் சொல்லப்பட்டுள்ளன.

இந்த விவரங்களில் என் கவனம் நிற்பது அந்தச் செய்முறைப் பயிற்சியில்தான். மருத்துவ மாணவர் நூல்களைக் கரைத்துக் குடித்திருந்தாலும், நோயாளியின் கட்டிலருகே மூத்த மருத்துவரின் பார்வையில் நின்று பழகாமல் மருத்துவராக முடியாது. வாசிப்பும் அதே போன்றதுதான். எங்கள் பட்டப்பின் படிப்புகளில் கல்வித் தத்துவம், உளவியல், அளவீடும் மதிப்பீடும், ஆய்வு முறையியல் என்று நல்ல பாடங்கள் இருக்கின்றன. கற்பித்தல் பயிற்சியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பயிற்சியில் மேற்பார்வைக்கு வருபவர் முழு வகுப்பையும் ஆசிரியர் எப்படிக் கொண்டு நடத்துகிறார் என்பதையே பார்க்கிறார். பாடக்குறிப்பு, கற்றல் உபகரணம், கரும்பலகைப் பயன்பாடு, நேர முகாமை எல்லாம் மதிப்பிடப்படும். பின்வாங்கில் புத்தகத்தை விரித்துவைத்து மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து வாயசைக்கும் பிள்ளையிடம் மேற்பார்வையாளரும் போவதில்லை, பயிலுநரும் போவதில்லை. முதுமாணி ஆய்வேடு எழுதும்போது வாசிப்பைத் தலைப்பாக எடுப்பவர்கள் உண்டு. வினாக்கொத்துக் கொடுத்து, விழுக்காடு கணித்து, பெற்றோரின் கல்வித் தரமும் வருமானமும் பிள்ளையின் வாசிப்பைப் பாதிக்கின்றன என்று முடித்துவிடுகிறார்கள். அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் நாளைக் காலை எட்டு மணிக்கு அந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்தைக் கற்பிப்பது என்பதற்கு அதில் விடை இல்லை.

அந்த விடையைத் தேடும் வேலை எப்படி இருக்கும் என்பதை ஒரு பிள்ளையின் வாசிப்பைக் கொண்டு காட்டுகிறேன். தரம் 4 இல் படிக்கும் ஒரு சிறுவன். வகுப்பாசிரியர் அவனைப் பற்றி, "இவனுக்கு எழுத்தே தெரியாது, அரிவரியில இருந்து தொடங்க வேணும்" என்று சொல்லியிருந்தார். அவன் முன்னால் படம் எதுவும் இல்லாத ஒரு தாளில் இரண்டு வாக்கியங்களை வைத்தேன். "கொக்கு ஒன்று குளத்தில் மீன் தேடியது. மீன்கள் எல்லாம் தாமரை இலைக்குக் கீழே ஒளித்தன." அவன் விரலை வைத்து மெல்ல வாசித்தான். "கெக்கு ஒன்று குளத்தில் மீன் தெடியது. மீன்கள் எல்லாம் தாமர இலைக்குக் கீளெ ஒளித்தன." கேட்டுக்கொண்டிருந்த நான், அவன் சொன்னதை அச்சொல்லின் மேல் அப்படியே குறித்துக்கொண்டேன்.

இந்தக் குறிப்பை விரைவாகப் பார்ப்பவர் நான்கு சொற்கள் பிழை என்று எண்ணிவிட்டு நகர்ந்துவிடுவார். ஆறுதலாகப் பார்த்தால் அந்த நான்கும் ஒரே வகையானவை அல்ல என்பது புலப்படும். "தாமர" என்பது பெரும்பாலும் பிழையே அல்ல. சொல்லின் ஈற்றில் வரும் ஐகாரத்தைப் பேச்சில் நாங்கள் எல்லோரும் குறுக்கித்தான் சொல்லுகிறோம். உண்மையில் அவனுக்கு அந்தக் குறி தெரியுமா என்று அறிய "கை", "பை", "வைத்தான்" போன்ற சொற்களைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கொடுத்தபோது அவன் தடங்கலின்றி வாசித்தான். "கீளெ" என்பதில் இரண்டு விடயங்கள் கலந்திருக்கின்றன. ழகரம் ளகரமானது இந்தப் பிரதேசத்தின் பேச்சு. வீட்டில் தாயும் தகப்பனும் அப்படித்தான் உச்சரிக்கிறார்கள், ஆகையால் அதை வாசிப்புக் குறைபாடாகக் கணக்கெடுக்கக் கூடாது. ஆனால் இறுதியில் ஏகாரம் எகரமானது கவனிக்க வேண்டியது, ஏனெனில் "தெடியது" என்பதிலும் அதுவே நடந்திருக்கிறது. "கெக்கு" என்பதிலோ அவன் முன்னால் நிற்கும் கொம்பைக் (ெ) கண்டிருக்கிறான், பின்னால் நிற்கும் அரவைக் (ா) காணவில்லை.

ஆக, இந்தச் சிறுவனுக்கு மெய்யெழுத்துகள் தெரியும். அரவு தெரியும், விசிறி (ி, ீ) தெரியும், உகர ஊகாரக் குறிகள் தெரியும், ஐகாரமும் தெரியும். தெரியாதவை ஒற்றைக் கொம்புக்கும் (ெ) இரட்டைக் கொம்புக்கும் (ே) உள்ள வேறுபாடும், கொம்பும் அரவும் சேர்ந்து ஒரு மெய்யை இருபுறமும் அணைத்து நின்றால் அதை ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும் என்பதும்தான். தமிழ் எழுத்தில் இவை சற்றுக் கடினமான இடங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாயில் முதலில் வருவது மெய். பார்க்கும் ஒழுங்கும் ஒலிக்கும் ஒழுங்கும் மாறி நிற்கின்றன. அவனை 247 எழுத்துகளுக்கும் திரும்பக் கொண்டுபோனால், தனக்குத் தெரிந்தவற்றையே மாதக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்து, தெரியாதது வரும் முன்பே சலித்துப்போவான். அதற்குப் பதிலாக "கெடு, கேடு", "கொடி, கோடி", "பொய், போய்" என்று இணையிணையாகச் சொற்களை வாசிக்கவைத்து, சொல்வதெழுதலிலும் அவற்றையே கொடுத்து, பிறகு அதே குறிகள் நிறைந்த சிறிய கதையொன்றை எழுதிக் கொடுத்தால் வேலை மிகச் சுருங்கிவிடும். இப்படிச் சுருக்கத் தெரிவதற்குத்தான் நிபுணத்துவம் வேண்டும்.

இதற்கு நான் பயன்படுத்திய குறிப்பு முறை நியூசிலாந்தின் மேரி கிளே வகுத்த தொடர் வாசிப்புப் பதிவின் வழியில் அமைந்தது. பிள்ளை நூற்றில் 95 அல்லது அதற்கு மேற்பட்ட சொற்களைச் சரியாக வாசித்தால் அந்தப் பாடம் அவனுக்கு எளிது. 90 முதல் 94 வரை என்றால் ஆசிரியர் துணையோடு கற்பதற்கு ஏற்றது. 90 இற்குக் கீழே என்றால் கடினம் என்பது அவருடைய அளவுகோல். தமிழில் இதை அப்படியே பயன்படுத்த இயலாது என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களாகப் பிரிந்து நிற்கும் செய்தி எங்கள் மொழியில் "வீட்டிலிருந்துதான்" என்று ஒரே சொல்லாகச் சேர்ந்து நிற்கிறது. அதில் ஓர் எழுத்துத் தவறினால் முழுச் சொல்லும் தவறாகக் கணக்கிடப்படும். நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று ஆங்கிலத்துக்குக் கணித்த வேக அளவுகளைத் தமிழ்ப் பிள்ளைக்குப் பொருத்துவது இதனாலேயே தவறாகிறது. எழுத்துகளை எண்ணிக் கணிக்கும் தமிழ் அளவுகோல் ஒன்றை உருவாக்குவது, இங்கே அமைய வேண்டிய பட்டப்பின் படிப்பின் மாணவர்கள் செய்யத்தக்க முதல் ஆய்வாக இருக்கலாம். வினாக்கொத்து ஆய்வுகளைவிட அது எங்களுக்குப் பெரிதும் பயன்படும்.

இன்னொரு பிள்ளை. தரம் 5 மாணவி, எழுத்துப் பிழையின்றி, நல்ல வேகத்தோடு வாசிப்பவள். "அவர்கள் நேற்று வரவில்லை" என்று அழகாக வாசித்தாள். "அவையள் வந்தவையோ?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "ஓம் ரீச்சர், வந்தவை" என்றாள். வீட்டில் அவள் கேட்டு வளர்ந்தது "வரேல்லை" என்ற வடிவம். தாளில் இருந்த "வரவில்லை" அவளுக்கு ஒலியாக வந்ததேயன்றிப் பொருளாக வரவில்லை. இவளுக்கும் அந்தச் சிறுவனுக்கும் ஒரே பரிகாரக் கற்பித்தல் வகுப்பில் ஒரே பயிற்சித்தாளைக் கொடுப்பதுதான் இன்று எங்கள் பாடசாலைகளில் நடக்கிறது. இருவரையும் "மெல்லக் கற்போர்" என்ற ஒரே பட்டியலில் எழுதிவிடுகிறோம். 1986 இல் கஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள், எழுத்தை ஒலியாக்கும் திறனும் கேட்டுப் பொருள் கொள்ளும் திறனும் ஒன்றையொன்று பெருக்கி வருவதே வாசிப்பு என்று மிக எளிய வடிவில் சொன்னார்கள். பெருக்கலில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியமே. சிறுவனுக்கு முதலாவதில் இடைவெளி, மாணவிக்கு இரண்டாவதில். வாசிப்பு நிபுணராகப் படிப்பவர் முதல் வாரத்திலேயே இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளில் கண்டு பழக வேண்டும்.

எழுத்து நடைக்கும் பேச்சு நடைக்கும் இடையிலான தூரம் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவானது. வன்னியில் அது இன்னும் சிக்கலாகிறது, ஏனெனில் ஒரே வகுப்பில் பல பேச்சு வழக்குகள் சேர்ந்திருக்கின்றன. பரம்பரையாக வன்னிக் கிராமங்களில் வாழ்பவர்களின் பிள்ளைகள், யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் 1990 இல் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆசிரியர் தன் வீட்டுப் பேச்சை அளவுகோலாக வைத்துப் பிள்ளையின் வாசிப்பில் பிழை பிடிக்கத் தொடங்கினால், இல்லாத பிழைகளுக்கே நேரம் போய்விடும். இந்த வழக்குகளின் ஒலியமைப்பைப் பற்றிய பாடம் ஒன்று அந்தப் படிப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். கொழும்பில் வகுக்கும் பொதுப் பாடத்திட்டத்திலோ வெளிநாட்டு நூலிலோ இதை எதிர்பார்க்க முடியாது.

எழுத்தைக் கற்கும் காலம் பற்றியும் ஒரு தெளிவு தேவை. கன்னட எழுத்தைக் கற்கும் பிள்ளைகளைப் பற்றி சொனாலி நாக் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகளின் தொகை பெரிதாக இருக்கும் இத்தகைய மொழிகளில் அவற்றை முழுமையாகப் பிடித்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு ஆண்டுகள் பல செல்லும் என்பதை எடுத்துக்காட்டியது. தமிழில் கன்னடத்தைப் போலக் கூட்டெழுத்துகள் அடுக்கி வருவதில்லை, ஆகவே சுமை சற்றுக் குறைவு. ஆனாலும் தரம் 2 முடிவதற்குள் எல்லா எழுத்தும் தெரிந்தாக வேண்டும் என்று எதிர்பார்த்துவிட்டு, தரம் 3 இல் எழுத்துக் கற்பித்தலை முற்றாக நிறுத்திவிடும் எங்கள் வழக்கம் மீள்பார்வைக்குரியது. அதன் பின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் விழத் தொடங்கிவிடும். சித்தியடையக்கூடியவர்கள் என்று கருதப்படும் பிள்ளைகளோடு ஆசிரியரின் நேரம் போய்விடும். இதற்கு ஆசிரியரை மட்டும் குறைகூற நான் விரும்பவில்லை; பெற்றோரும் அதிபரும் கல்வி வலயமும் அந்தப் பெறுபேற்றையே கேட்கிறார்கள்.

வன்னிக்கே உரிய இன்னொரு காரணத்தை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். 2008 இலும் 2009 இலும் தரம் 1, 2, 3 இல் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பதுங்குகுழிகளிலும் தறப்பாள் கொட்டில்களிலும், பின்னர் செட்டிகுளத்து முகாம்களிலும் அந்த வயதைக் கழித்தார்கள். வாசிப்பு ஊன்றும் வயது அது. மீள்குடியேறிய பிறகு அவர்கள் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கப்பட்டார்கள். விடுபட்ட ஆண்டுகள் விடுபட்டவையாகவே நின்றன. அவர்கள் இன்று இருபது வயதுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தரம் 1 இற்குச் சேர்க்க வருகிறார்கள். அத்தகைய தாய் ஒருவர், மகனுடைய வாசிப்பைப் பற்றிப் பேச அழைத்தபோது, குரலைத் தாழ்த்தி, "ரீச்சர், எனக்கும் வடிவா வாசிக்க வராது, நான் என்னெண்டு அவனுக்குச் சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்டார். வீட்டில் பெற்றோர் பக்கத்தில் இருந்து வாசிப்புக் காட்டுங்கள் என்று பிள்ளையின் கொப்பியில் எழுதி அனுப்புவது இந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு வலியைத் தரும் என்பதை அந்தப் பாடசாலையின் எல்லா ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டும். வாசிப்பு நிபுணராகப் பயிலுபவர், பெற்றோருக்கும் கூச்சமின்றிக் கற்றுக்கொடுக்கும் வழிகளைப் படிக்க வேண்டும். பிள்ளை வாசிப்பதைத் தாய் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும் என்றோ, தாய் தன் ஊர்க் கதையைச் சொல்ல ஆசிரியர் அதை எழுதிக் கொடுத்துத் தாயும் பிள்ளையும் சேர்ந்து வாசிக்கலாம் என்றோ ஆலோசனை சொல்வதற்கு, அந்தக் குடும்பத்தின் வரலாறு தெரிந்த ஒருவர் வேண்டும்.

இந்தப் படிப்பு வன்னியிலேயே நடக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே முதற்காரணம். இரண்டாவது காரணம் நடைமுறை சார்ந்தது. வார இறுதியில் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ சென்று படிக்கும் ஆசிரியர், அதிலும் பிள்ளைக்குட்டியோடு இருக்கும் பெண் ஆசிரியர், மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து விடியப்புறம் பஸ் பிடித்துப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறார். அப்படிப் படித்து முடித்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் செய்முறைப் பயிற்சி என்பது வாரத்தில் பல நாள், அதே பிள்ளையோடு, அதே நேரத்தில் நடக்க வேண்டியது. வார இறுதி விரிவுரையால் அதை ஈடுசெய்ய முடியாது. இடவசதி இல்லை என்றும் சொல்வதற்கில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றன. 2021 ஓகஸ்டில் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகி, பம்பைமடுவில் பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள் ஆகிய மூன்று பீடங்களோடு தொடங்கியது. வவுனியாவில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. விரிவுரைகளை இவற்றில் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, செய்முறைப் பயிற்சியைப் பயிலுநர் பணியாற்றும் பாடசாலையிலேயே நடத்தலாம்.

மேற்பார்வை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு, மேரி கிளே நியூசிலாந்தில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சியில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு அப்பால் ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளைக்குக் கற்பிப்பார். இப்பால் மற்றப் பயிலுநர்கள் இருந்து, பிள்ளை இப்போது ஏன் தயங்கியது, ஆசிரியர் ஏன் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தார், சொல்லாமல் பொறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்தந்தக் கணத்திலேயே பேசிக்கொள்வார்கள். ஓராண்டு முழுவதும் இப்படிப் பயிற்சி தொடரும். கிளேயின் கற்பித்தல் முறைமீது, அதிலும் படத்தையும் சூழலையும் கொண்டு சொல்லை ஊகிக்க விடுவதன்மீது, இன்று கடுமையான விமர்சனங்கள் உண்டு. அவை நியாயமானவை என்றே நானும் எண்ணுகிறேன். மேலே சொன்ன சிறுவனுக்குக் கொக்கின் படத்தைக் காட்டியிருந்தால் அவன் "கொக்கு" என்று சரியாகவே சொல்லியிருப்பான், அவனுடைய இடைவெளி எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் ஆசிரியரைப் பயிற்றும் அந்த வடிவம் வேறு விடயம். எங்களுக்குச் சிறப்புக் கண்ணாடி தேவையில்லை. பெற்றோரின் சம்மதத்தோடு கைத்தொலைபேசியில் பதிவுசெய்த கால் மணி நேரக் காணொளியை வைத்து, ஐந்தாறு ஆசிரியர்கள் ஒரு விரிவுரையாளரோடு இருந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அதே பயன் கிடைக்கும். ஒரு பயிலுநர் குறைந்தது நான்கு வகையான பிள்ளைகளோடு இப்படி வேலை செய்ய வேண்டும் என்பது என் கருத்து. எழுத்தில் தடுமாறுபவர், எழுத்துத் தெரிந்தும் மிக மெதுவாக வாசிப்பவர், வாசித்தும் பொருள் விளங்காதவர், கண்பார்வையிலோ கேட்டலிலோ குறைபாடு இருப்பதாக ஐயப்பட வேண்டியவர் ஆகியோர் அவர்களுள் அடங்க வேண்டும். கடைசியாகச் சொன்ன பிள்ளையை மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பும் கடிதத்தை எப்படி எழுதுவது என்பதும் படிப்பின் ஒரு பகுதியே.

படித்து முடித்தவருக்கு என்ன வேலை கொடுப்பது என்ற கேள்வியை விட்டுவிட்டு இதைப் பேசுவதில் பயனில்லை. வாசிப்புக்கென ஒரு பாடவேளையையாவது தனக்கு ஒதுக்கித் தருமாறு கேட்ட, இந்தத் துறையில் தன்முயற்சியால் நிறையப் படித்த ஆசிரியை ஒருவருக்கு, அப்படி ஒரு பதவி ஆளணியில் இல்லை என்ற பதிலே கிடைத்தது. அவர் இப்போது இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். அவர் கற்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பற்றிய குறிப்புகளை வாங்கிக்கொள்ளவும் ஒருவர் இருக்கவில்லை. கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் வன்னியை விட்டுப் போகும் ஆசிரியர்களை நான் குற்றம் சொல்லவில்லை. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் இப்படியொரு படிப்புக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும்போது இந்த மண்ணிலேயே வாழ்பவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, சம்பளத்தோடு கூடிய கற்கை விடுமுறையும் கொடுத்து, முடித்த பின் குறிப்பிட்ட காலம் இங்கேயே பணியாற்றும் உடன்படிக்கையும் செய்துகொள்வது நியாயமானது. ஆசிரிய ஆலோசகர்கள் பாடவாரியாக இருக்கிறார்கள். அவர்களோடு சேர்த்து, அருகருகே இருக்கும் சில சிறிய பாடசாலைகளுக்கு ஒருவர் என்று வாசிப்பு நிபுணரை நியமிக்கலாம். பல்தர வகுப்புகளில் ஓர் ஆசிரியரே மூன்று தரங்களைப் பார்க்கும் பாடசாலைகள் இங்கு இருப்பதால், பாடசாலைக்கு ஒருவர் என்று கேட்பது நடக்காத காரியம்.

சில நிபுணர்களை உருவாக்குவதைவிட எல்லா ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கும் செயலமர்வு வைப்பது நல்லதல்லவா என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவின் வறிய மாநிலங்களில் ஒன்றான மிசிசிப்பியின் அனுபவத்தைச் சுட்டிக்காட்டுவேன். 2013 இல் அங்கு இயற்றப்பட்ட எழுத்தறிவுச் சட்டத்தின் கீழ், ஆசிரியர்களுக்குப் பரவலான பயிற்சி கொடுத்ததோடு, மிகவும் பின்தங்கிய பாடசாலைகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை மாநிலமே அனுப்பி, வகுப்பறைக்குள் ஆசிரியரோடு நிற்கவைத்தது. தேசிய மதிப்பீட்டில் அந்த மாநிலத்தின் நான்காம் வகுப்பு வாசிப்புச் சராசரி 2013 இல் 209 ஆக இருந்து, 2019 இல் 219 ஆக உயர்ந்து நாட்டின் சராசரியை எட்டியது. அதற்குப் பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன; தரம் 3 இல் வாசிக்க இயலாதவர்களை மேல்வகுப்புக்கு ஏற்றாமல் மறித்ததும் அவற்றில் ஒன்று, அதை இங்கே செய்ய வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஏற்கெனவே போரில் ஆண்டுகளை இழந்த சமூகம் இது. ஆனால் செயலமர்வில் கேட்டதை வகுப்பறையில் செய்துகாட்ட, பயின்ற ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற பாடம் எங்களுக்கும் பொருந்தும். ஒருநாள் செயலமர்வில் மதிய உணவோடு கொடுக்கப்படும் கையேடுகள் எத்தனை அலுமாரிகளில் இருக்கின்றன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைகள் வாசிப்பதற்குப் படிமுறையாக அமைந்த நூல்கள் வேண்டும் என்ற சிந்தனை எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. 19 ஆம் நூற்றாண்டிலேயே ஆறுமுக நாவலர் பாலபாடங்களைப் படிப்படியாக எழுதி அச்சேற்றினார். இன்று தேவைப்படுவது எழுத்துக் குறிகளைக் கணக்கில் எடுத்து எழுதிய, இந்தப் பிரதேசத்தின் குளமும் வயலும் கடலும் வரும் சிறு வாசிப்பு நூல்கள். இந்தப் படிப்பில் சேரும் ஒவ்வொருவரும் தன் பிள்ளைகளுக்காக அப்படிச் சில நூல்களை எழுதிப் பார்த்து, பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுத்துத் திருத்தி, பிறகு மற்றப் பாடசாலைகளோடு பகிர்ந்தால், சில ஆண்டுகளில் ஒரு நல்ல தொகுதி சேர்ந்துவிடும்.

இத்தகைய கற்கைநெறி தொடங்கும்வரை காத்திருக்க முடியாது, இப்போதே முதுமாணிக்குப் பதிந்துவிட்டேன், என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லிவருவது இதுதான். ஆய்வேட்டுக்கு நூறு பிள்ளைகளின் புள்ளிகளைச் சேர்ப்பதற்குப் பதிலாக, இரண்டு மூன்று பிள்ளைகளைத் தெரிவுசெய்து, ஒரு தவணை முழுவதும் அவர்களோடு வேலை செய்து, தனியாள் ஆய்வாக எழுத மேற்பார்வையாளரிடம் அனுமதி கேளுங்கள். விரிவுரையாளர்கள் பலர் இதை விரும்பி ஏற்பார்கள். ஒவ்வொரு வாரமும் பிள்ளை வாசித்ததை, திருத்தாமல், அவன் சொன்ன ஒலியிலேயே குறித்து வையுங்கள். எந்தக் குறியில் தயங்கினான், எதைத் தானே திருத்திக்கொண்டான், எதைப் பேச்சு வழக்கில் சொன்னான் என்பதை வேறுவேறாக எழுதுங்கள். திகதியும் வாசித்த பந்தியும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். அந்தக் கோப்பின் ஒரு பிரதியைப் பாடசாலையில், பிள்ளையின் பெயர் வெளியாருக்குத் தெரியாதபடி அதிபரின் பொறுப்பில் வைத்துவிடுங்கள். நீங்கள் இடமாற்றம் பெற்றுப் போனாலும் அடுத்து வரும் ஆசிரியர் கொம்பிலிருந்து தொடங்குவதா, கேட்டு விளங்குவதிலிருந்து தொடங்குவதா என்பதை முதல் வாரத்திலேயே அதைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.